ஒட்டகச்சிவிங்கிக் கன்றின் மேனி

வடலூரைச் சூழ்ந்த புன்செய்களில் மேயும் வெள்ளாட்டு மந்தையை உற்று நோக்குவோர், ஒரு தாய் ஓரீற்றில் ஈன்ற இரு குட்டிகளும் நிறத்தால் வேறுபடுதலைக் காண்பர். ஒன்று முற்றும் கரியதாயிருக்க, மற்றொன்று வெண்புள்ளி பெற்றிருக்கும். இவ்வேற்றுமை கண்ணுக்கு இனிதாவதன்றி உயிர்க்கும் உறுதி பயக்குமோ? இவ்வினாவிற்கு ஆப்பிரிக்க நாட்டு ஒட்டகச்சிவிங்கியின் வரலாறு ஒருவாறு விடை தருகின்றது.

ஒட்டகத்தின் வடிவும் சிவிங்கியின் புள்ளியும் ஒருங்குடைமையால் இவ்விலங்கு இப்பெயர் பெற்றது. மானுக்கும் ஒட்டகத்துக்கும் 'கன்று' என்னும் இளமைப் பெயரைத் தொல்காப்பிய மரபியல் உரிமையாக்குதலின், இதன் குழவியையும் கன்றென்றலே பொருந்தும்.

இக்கன்று பிறக்கும்பொழுதே ஏறத்தாழ ஆறடி உயரமுடையது. அதன் மேனிக்கோலம் நம் கைரேகை போன்றது. ஒன்றன் கோலம் பிறிதொன்றற்கு இல்லை. ஆண் விலங்குகளின் நிறம் முதுமையிற் கருக்குமேயன்றிப் புள்ளிகளின் வடிவம் மாறுவதில்லை. ஆதலின் அறிஞர் புகைப்படங்கொண்டே ஒவ்வொன்றையும் அடையாளங் காண்கின்றனர்.

தான்சானியா நாட்டில் அங்ஙனம் எடுத்த படங்களை ஆராய்ந்து, லீ முதலிய மூவர் 2018-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தாயும் கன்றுமாக 31 இணைகளை அவர்கள் ஒப்பிட்டனர். புள்ளி எத்துணை வட்டமானது, அதன் விளிம்பு எத்துணைச் செப்பமானது என்னும் இரண்டு இயல்புகளும் தாய்வழி வருவன என்பது புலனாயிற்று. அன்றியும், பெரியனவும் ஒழுங்கற்ற வடிவினவுமான புள்ளிகளையுடைய கன்றுகள் முதல் நான்கு திங்களிற் பிழைத்திருத்தல் மிகுதியெனவும் கண்டனர்.

இதன் காரணம் யாது? இளங்கன்றைப் புதரிடை விட்டுத் தாய் இரைதேடச் செல்லும். சிங்கமும் கழுதைப்புலியும் திரியும் அக்காட்டில், இலைநிழலும் வெயிலும் விரவிய இடத்தே புள்ளிமேனி மறைந்து நிற்றல் கூடும். புள்ளிகளின் கீழமைந்த குருதிக் குழாய்கள் உடல்வெப்பத்தை வெளியேற்றத் துணைசெய்யும் என்பாரும் உளர். இவற்றுள் எது காரணமென்பது இன்னும் துணியப்படவில்லை.

2023-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 31-ஆம் நாள், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து விலங்குக் காட்சிச்சாலை ஒன்றில் புள்ளியே இல்லாத பழுப்புநிறக் கன்று ஒன்று பிறந்தது. அதே ஆண்டில் நமீபியாவிலும் அத்தகைய கன்று ஒன்று காணப்பட்டது. இத்தகையவற்றை உடனே குறையென்று ஒதுக்குதல் அறிவுடைமை ஆகாது. எல்லாக் கன்றும் ஒரே கோலம் உடையனவாயின், நிலமும் நிழலும் மாறுங்கால் எல்லாம் ஒருங்கே இடர்ப்படும். பல கோலம் உளவாயின், அவற்றுட் சிலவேனும் எஞ்சி இனத்தைத் தாங்கும். ஆகவே மேனியின் வேற்றுமை வெறும் அழகன்று, இனத்தின் சேமநிதி என்றே கொள்ளுதல் தகும்.