கரண்டு போனா இது பேசுமா?
வீட்டு டெலிபோனும் இன்டர்நெட் டெலிபோனும்: ஓர் ஆய்வு



எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பையன் ஒருவன் வீட்டில் இருந்துவிட்டால் மிக்ஸி ரிப்பேர் முதல் டி.வி. ரிமோட் வரை எல்லாம் அவன் தலையில்தான் விழும். திருப்போரூரில் எங்கள் வீட்டிலும் அதே கதைதான். "பழைய டெலிபோனை எடுத்துட்டு, இன்டர்நெட் வழியா பேசற ஃபைபர் போனுக்கு மாறலாமாடா? மூணு வருஷம் ஃபீஸ் கட்டியிருக்கேன், இதுக்காவது பதில் சொல்லு" என்றார் அப்பா. நான் வேகம், தெளிவு, வாடகை என்று அடுக்கிக்கொண்டே போனேன். மூலையில் உட்கார்ந்திருந்த ஆயா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கரண்டு போனா இது பேசுமா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். இந்தக் கட்டுரை, அந்தக் கேள்விக்கு நான் தேடிய விடை.

ஆயா ஏன் கேட்டார்?

2022 டிசம்பர் 9-ஆம் தேதி நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் சாயங்காலமே கரண்டு போய்விட்டது. இரவு ஆயாவுக்கு மூச்சுத் திணறல். செல்போனில் சிக்னல் இல்லை. கூடத்தில் இருந்த பழைய போனை எடுத்தோம். "கொர்ர்" என்று டயல்டோன் கேட்டது. டாக்டரிடம் பேசி, அவர் சொன்ன மாத்திரையைக் கொடுத்தோம். அந்தக் "கொர்ர்" சத்தத்தைவிட இனிமையான சங்கீதத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

பழைய போனின் ரகசியம்

வீடு முழுக்க இருட்டாக இருந்தபோது அந்த போனுக்கு மட்டும் கரண்டு எங்கிருந்து வந்தது? எக்ஸ்சேஞ்சிலிருந்து! பேச்சு வருகிற அதே இரண்டு செம்புக் கம்பிகளில் 48 வோல்ட் டி.சி. மின்சாரமும் வருகிறது. எக்ஸ்சேஞ்சில் பெரிய பேட்டரி வரிசையும், அதற்குத் துணையாக ஜெனரேட்டரும் இருக்கும். ரிசீவரை எடுத்ததும் சில மில்லி ஆம்பியர்கள் ஓடும், அவ்வளவுதான் தேவை. அதாவது, பழைய போன் தன் சாப்பாட்டைத் தானே கட்டிக்கொண்டு வந்த விருந்தாளி.

ஆனால் ஒன்று. கார்ட்லெஸ் போன் வைத்திருந்தால் இந்தப் பாக்கியம் இல்லை. அதன் அடிப்பெட்டிக்கு வீட்டுக் கரண்டு வேண்டும்.

இன்டர்நெட் போன் வேலை செய்யும் விதம்

நம் குரலை வினாடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக எழுதினால் 8000 x 8 = 64,000 பிட். இதை 20 மில்லி வினாடிக்கு ஒரு பொட்டலமாகக் கட்டினால் ஒரு பொட்டலத்தில் 160 பைட் குரல் இருக்கும். அதன்மேல் முகவரிச் சீட்டாக 40 பைட் ஒட்டப்படும். மொத்தம் 200 பைட். வினாடிக்கு 50 பொட்டலம் என்றால் 80 கிலோபிட். ஆக, 30 மெகாபிட் இணைப்பில் கணக்குப்படி 375 பேர் ஒரே நேரத்தில் பேசலாம்! எனவே "அதிக வேகம் எடுத்தால்தான் போன் தெளிவாகக் கேட்கும்" என்பது வியாபாரப் பேச்சு. முக்கியம், பொட்டலங்கள் தாமதமின்றி, சீரான இடைவெளியில் வந்து சேர்வதே. ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி வினாடிக்குள் இருந்தால் பேசுகிறவர்களுக்கு அது உறுத்தாது.

இது நேற்று முளைத்த வித்தையும் அல்ல. 1974-லேயே அமெரிக்காவின் அர்பாநெட்டில் குரலைப் பொட்டலமாக அனுப்பிப் பார்த்தார்கள். 1995-ல் வோக்கல்டெக் நிறுவனம் இதற்கான மென்பொருளைக் கடைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் 2002 ஏப்ரல் 1 முதல் இன்டர்நெட் டெலிபோனுக்கு அனுமதி கிடைத்தாலும், அதிலிருந்து உள்நாட்டு போன்களைக் கூப்பிட வழியில்லை. 2018-ல்தான் அந்தக் கதவு திறந்தது. அந்த ஆண்டே பி.எஸ்.என்.எல். "விங்ஸ்" என்ற சேவையை அறிமுகப்படுத்தியது.

அப்படியானால் பழையதே போதுமா?

போதாது நண்பர்களே. புயலுக்கு அடுத்த மழைக்காலத்தில் எங்கள் செம்புக் கேபிளின் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கி, போன் வாரக்கணக்கில் ஊமையாகிவிட்டது. லைன்மேன் அண்ணன் கையை விரித்தார்: "தோண்டினாதான் தெரியும் தம்பி. கேபிளும் பழசு." கண்ணாடி இழையில் ஓடுவது வெளிச்சம். தண்ணீர் பட்டால் ஷார்ட் ஆகாது, இடிக்கும் பயமில்லை. மேலும், செம்புக் கம்பி நாடு முழுவதும் விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே மாறலாமா என்பதைவிட, எப்படி மாறுவது என்பதே சரியான கேள்வி.

கண்ணாடி இழையில் வெளிச்சம் வரும், கரண்டு வராது. ஆகவே இழை வந்து முடிகிற ஓ.என்.டி. பெட்டிக்கு நாம்தான் சாப்பாடு போட வேண்டும். அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று இருந்தால் அதிகபட்சம் 12 வாட். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 வாட்-மணி இருக்கிறது. 84-ஐ 12-ஆல் வகுத்தால் 7 மணி நேரம். ஏட்டுக் கணக்கு இது. பேட்டரி முழுவதையும் கறக்க முடியாது என்பதால் 5 மணி என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

மாறும் முன் கேட்க வேண்டியவை

1. நம் இழை போய்ச் சேரும் ஓ.எல்.டி. கருவி எங்கே இருக்கிறது? அதற்கு பேட்டரி எத்தனை மணி தாங்கும்? நம் வீட்டில் விளக்கு எரிந்து அங்கே அணைந்தால் பயனில்லை.

2. வழியில் இருப்பது கரண்டு தேவைப்படாத ஸ்ப்ளிட்டரா, கரண்டு வேண்டிய சுவிட்சா? ஸ்ப்ளிட்டர்தான் நல்லது.

3. பழைய நம்பர் நிலைக்குமா? நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி 2011-ல் நாடு முழுக்க செல்போனுக்கு வந்தது. லேண்ட்லைனுக்கு வரவில்லை. அதே கம்பெனியில் செம்பிலிருந்து இழைக்கு மாறினால் கேட்டுப் பாருங்கள்.

4. 108, 112 எண்களுக்குப் போகுமா? எழுத்தில் பதில் வாங்குங்கள்.

5. கருவியோடு வயர் உள்ள சாதாரண போனையே இணையுங்கள்.

முடிவுரை

நாங்கள் மாறிவிட்டோம். ஓ.என்.டி. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டி.சி. யு.பி.எஸ்., அதே பழைய போன், சுவரில் பெரிய எழுத்தில் டாக்டர் நம்பர். அப்பாவும் அம்மாவும் சிறுசேரி சிப்காட்டுக்கு வேலைக்குப் போய், நான் காலேஜுக்கு வந்துவிட்டால், பகலெல்லாம் வீட்டில் ஆயா மட்டும்தான். மாதம் ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, போன் எத்தனை மணி தாங்குகிறது என்று நோட்டில் குறித்துவருகிறேன். லேபில் செய்த எந்தப் பரிசோதனையையும் இவ்வளவு கவனமாகச் செய்ததில்லை.

வாடகையையும் வேகத்தையும் விளம்பரம் சொல்லும். கரண்டு போன ராத்திரியைப் பற்றி நாம்தான் கேட்க வேண்டும். இப்போதும் கரண்டு போனால் ஆயா முதலில் மெழுகுவத்தியைத் தேடுவதில்லை. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்க்கிறார். "பேசுதுடா" என்று சொல்லிவிட்டுத்தான் வைக்கிறார்.