மஞ்சள் சிவந்தால் என்ன நடந்தது?

பள்ளிப் பிள்ளைகள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "இயற்பியல் மாற்றம் மீளும், வேதியியல் மாற்றம் மீளாது" என்று பட்டென்று பதில் வரும். தேர்வில் மதிப்பெண்ணும் விழும். ஆனால் அந்த விதி எல்லா இடத்திலும் நிற்காது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: புதுப் பொருள் உண்டானதா? அடுப்படியில் இருப்பதை வைத்தே பிள்ளைக்கு இதைக் காட்டிவிடலாம்.

கல் உப்பு, மஞ்சள் தூள், வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு, எலுமிச்சம்பழம், வெள்ளைத் தாள், பஞ்சு, அகலமான தட்டு, இரண்டு கண்ணாடி டம்ளர், ஒரு ஸ்ட்ரா போதும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பெரியவர்கள்தான் அதைக் கையாள வேண்டும். தப்பித்தவறிப் பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுத் தொடர்ந்து கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். நீற்றாத சுண்ணாம்புக் கல் வேண்டவே வேண்டாம். தண்ணீர் பட்டதும் அது கொதிக்கும்.

முதலில் உப்பு. கால் டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி போட்டுக் கலக்குங்கள். 100 மில்லி தண்ணீரில் சுமார் 36 கிராம் வரை உப்பு கரையும் என்பதால், இது சுலபமாகக் கரைந்துவிடும். அகலமான தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். தண்ணீர் வற்றியதும் உப்பு உப்பாகவே கிடக்கும். புதிதாக ஒன்றும் உண்டாகவில்லை. இது இயற்பியல் மாற்றம்.

அடுத்தது மஞ்சள். தூளைத் தண்ணீரில் குழைத்துத் தாளில் தடவி நிழலில் காயவிடுங்கள். கடுகளவு சுண்ணாம்பை ஒரு கரண்டி நீரில் கரைத்து, பஞ்சால் தொட்டுத் தாளில் ஒற்றுங்கள். உடனே சிவக்கும். ஆரத்தித் தட்டில் நாம் பார்க்கும் அதே சிவப்பு. இப்போது அதன் மேல் எலுமிச்சைச் சாறு விடுங்கள், மஞ்சள் திரும்பிவிடும்.

இங்கே நிறுத்திப் பிள்ளையைக் கேளுங்கள்: "நிறம் மீண்டுவிட்டதே, அப்படியானால் இது இயற்பியல் மாற்றமா?" இல்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் மூலக்கூறிடமிருந்து காரமான சுண்ணாம்பு ஹைட்ரஜன் அயனியைப் பறித்துக்கொள்கிறது. மூலக்கூறு மாறியதால் அது உறிஞ்சும் ஒளியும் மாறி, சிவப்பாகத் தெரிகிறது. எலுமிச்சையின் அமிலம் அந்த அயனியைத் திருப்பிக் கொடுக்கிறது. மீளக்கூடிய வேதியியல் மாற்றம் இது. மனப்பாட விதி சறுக்குகிற இடமும் இதுதான். அவசரப்படாமல் இரண்டு மூன்று முறை செய்து காட்டுங்கள்.

கடைசியாகச் சுண்ணாம்பு நீர். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி சுண்ணாம்பைக் கலக்கி இரவு முழுக்கத் தெளியவிடுங்கள். லிட்டருக்கு 2 கிராம்கூடக் கரையாது. மீதி அடியில் தங்கும். மேலே தெளிந்த நீரை மட்டும் மற்ற டம்ளரில் இறுத்து, ஸ்ட்ராவால் மெதுவாக ஊதுங்கள். ஊத வேண்டும், உறிஞ்சக் கூடாது. அதனால் இதையும் பெரியவர்களே செய்யட்டும். சிறிது நேரத்தில் நீர் பால்போல் வெளுக்கும். நாம் விடும் மூச்சில் ஏறக்குறைய 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. அது சுண்ணாம்போடு சேர்ந்து, நீரில் கரையாத கால்சியம் கார்பனேட்டாகிறது. கண்ணெதிரே புதுப் பொருள்!

காற்றில் இதே வாயு 0.04 சதவீதம்தான். பழைய வீடுகளின் சுண்ணாம்புக் காரைச் சுவர்கள் அந்தச் சிறு அளவை ஆண்டுக்கணக்கில் மெல்ல வாங்கித்தான் கல்லாக இறுகின.