நீங்கள் இருக்கும்போதே

அன்புள்ள அம்மா,

அறிவுசார் குறைபாடுள்ள உங்கள் மகளுக்கு 35 வயதாகியும் இன்றுவரை நீங்களே குளிப்பாட்டி, தலைவாரி, மாத்திரை கொடுத்து வருவதாக எழுதியிருந்தீர்கள். 'நான் கண்ணை மூடிவிட்டால் இவளை யார் பார்ப்பார்கள், நல்ல காப்பகம் ஏதாவது உண்டா?' என்பது உங்கள் கேள்வி. அதற்கு முன் வேறோர் ஏற்பாட்டைச் சொல்கிறேன்.

மனநோயால் தெருவுக்கு வந்துவிட்ட பெண்களுக்காக 1993-இல் சென்னையில் தொடங்கப்பட்டது 'தி பேன்யன்'. குணமாகியும் திரும்பிப்போக வீடில்லாதவர்கள் அங்கே ஆண்டுக்கணக்கில் தங்க நேர்ந்தது. அவர்களுக்காக வந்ததுதான் 'ஹோம் அகெய்ன்' திட்டம். ஊருக்குள் சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீடு, அதில் நாலைந்து பேர், துணைக்கு உதவியாளர். இன்று என்ன சமையல், கடைக்கு யார் போவது, எப்போது தூங்குவது என்பதை அந்த வீட்டிலிருப்பவர்களே முடிவு செய்கிறார்கள். நூறு பேர் தங்கும் விடுதியில், நிர்வாகி எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மணியடித்துத்தான் சோறு போட முடியும். உங்கள் மகளின் நிலை வேறுதான், ஆனால் அவளுக்கும் இந்த முறை பொருந்தும் என்றே நம்புகிறேன்.

'திறந்த வீடு ஆபத்தில்லையா?' என்று நீங்கள் கேட்கலாம். ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். பால்காரரும் பக்கத்து வீட்டாரும் தினமும் பார்க்கும் வீட்டில் ஒருவரைக் கட்டிப்போடுவது எளிதல்ல.

எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் உதவியாளரிடம் தனியாகப் பேசுங்கள். சம்பளம் ஒழுங்காக வருகிறதா, வார விடுமுறை உண்டா, எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கேளுங்கள். அடிக்கடி ஆள் மாறும் வீடு வேண்டாம். மாதவிடாய் நாட்களில் உங்கள் மகளுக்கு என்ன உதவி வேண்டும், எதைக் கண்டால் பயப்படுவாள் என்பதையெல்லாம் புது ஆள் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். அவளால் அதைச் சொல்லவும் முடியாது. இப்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

இன்னொன்று. 18 வயது முடிந்த பிள்ளைக்குப் பெற்றோர் தாமாகவே சட்டப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து நியமனம் பெற வேண்டும். உங்களுக்குப் பிறகு அந்தப் பொறுப்பை யார் ஏற்பார் என்பதையும் குடும்பத்தில் இப்போதே பேசி வையுங்கள்.

மகள் படித்த சிறப்புப் பள்ளியில் உங்களைப் போலவே கவலைப்படும் மூன்று நான்கு பெற்றோராவது இருப்பார்கள். அவர்களோடு சேர்ந்து ஒரு வீடு பாருங்கள். வாரத்தில் இரண்டு இரவு மட்டும் அவள் அங்கே தங்கிப் பழகட்டும். அம்மா இருக்கும்போதே அவள் வேறொருவர் கையால் சாப்பிடக் கற்றுக்கொள்ள வேண்டும். தள்ளிப்போடாதீர்கள், அம்மா.

அன்புடன்,
உங்கள் கடிதத்தைப் படித்தவன்