மறுத்துப் பேசுங்கள், ஆங்கிலம் வரும்

கேம்பஸ் இன்டர்வியூவில் குரூப் டிஸ்கஷன் என்றதும் பலருக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்தவர்கள்தான். கேள்வித்தாளைக் கொடுத்தால் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். வாய்தான் திறக்காது. இவர்களுக்கு இலக்கணப் புத்தகத்தை விட விவாதம் உதவும். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தச் சூடு புதிதில்லை, மொழிதான் வேறு.

ஆறு பேர் சேருங்கள். 'கல்லூரிக்குள் செல்போன் கூடாது' மாதிரி எல்லோருக்கும் கருத்து இருக்கிற தலைப்பாக எடுங்கள். யார் எந்த அணி என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். சீட்டில் விழுந்த கட்சிக்காகப் பேசும்போது, 'என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ' என்ற பயம் பாதி போய்விடும். தயாராக 15 நிமிடம் போதும். உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டியிலும் அவ்வளவுதான் தருகிறார்கள். (அங்கே ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்குத் தனிப் பிரிவே உண்டு.) குறிப்பு மட்டும் எழுதுங்கள். முழு வாக்கியமாக எழுதினால் மனப்பாடம் ஆகிவிடும். ஒரு சொல் மறந்தாலும் மொத்தமும் நின்றுவிடும்.

ஆளுக்கு 2 நிமிடம் பேசியதும் மறுப்புச் சுற்று. தைரியம் பிறப்பது இங்கேதான். என் வகுப்பில் ஒரு மாணவி மூன்று வாரம் தாளைப் பார்த்தே வாசித்தாள். நாலாவது வாரம் எதிரணிப் பையன், "கேர்ள்ஸ் டோன்ட் நீட் போன்ஸ் இன் காலேஜ்" என்றான். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள். "நோ! மை லாஸ்ட் பஸ் இஸ் செவன் ஓ கிளாக். இஃப் ஐ மிஸ், ஹூ வில் கால் மை ஃபாதர்? யூ?" வகுப்பே கைதட்டியது. 'மிஸ்' பக்கத்தில் ஒரு 'இட்' விட்டுப்போனதை யாரும் கவனிக்கவில்லை, அவளும்தான்.

ஆசிரியர்களே, அந்த நேரத்தில் தயவுசெய்து திருத்தாதீர்கள். எல்லாம் முடிந்த பிறகு, யார் சொன்னது என்று காட்டாமல் இரண்டு மூன்று பிழைகளைப் போர்டில் எழுதினால் போதும். திணறுகிறவர்களுக்கு 'ஐ ஸீ யுவர் பாயின்ட், பட்...' போன்ற நாலைந்து தொடக்கங்களைப் பழக்கிவிடுங்கள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மனம் பதிலைத் தேடிக்கொள்ளும். குரூப் டிஸ்கஷனிலும் அதுவே கைகொடுக்கும்: முதல் ஆளாகப் பேச வேண்டியதில்லை, அடுத்தவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழையலாம்.

அடுத்த வாரம் அதே தலைப்பு, அணி மட்டும் மாறட்டும். போன வாரம் உங்களை மடக்கிய வாதம் இப்போது உங்கள் கையில் இருக்கும். அதைச் சொன்ன ஆங்கிலமும் காதில் இருக்கும்.