முதல் நாளுக்கு ஏற்ற இடம்

பழவேற்காடு

அன்பு மருமகளுக்கு,

துப்பாக்கி சுடப் பழகப்போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கினார். உன்னாலும் முடியும். ஆனால் முதல்முறை எங்கே போவது என்பதில் அவசரப்படாதே.

பட்டாளத்தில் புதுப் பையன்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் வெடிக்கும் சத்தத்துக்கே கண்ணை இறுக்கி மூடி, தோளைத் தூக்கிவிடுவார்கள். அது பழகிவிட்டால் விடுவது கஷ்டம். அதனால் முதல் நாளே வெடிச்சத்தம் போடும் .22 ரைபிள் பக்கம் போகாதே. 10 மீட்டர் ஏர் ரைபிள் கூடத்துக்குப் போ. 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டு காற்றழுத்தத்தில் போகும். சத்தம் குறைவு, உதைப்பும் இல்லை என்றே சொல்லலாம். குறி அட்டையில் பத்துப் புள்ளிக்கான பொட்டு அரை மில்லிமீட்டர்தான். அதைத் தொட வேண்டுமானால் மூச்சு அடங்கணும், விரல் பதறக்கூடாது. பயிற்சியாளர் சொல்வது காதில் விழாத இடத்தில் இது வராது.

எழும்பூரில் சென்னை ரைபிள் கிளப் இருக்கிறது. எந்த கிளப்பானாலும் முதலில் போன் செய்து கேள்: போட்டி ஏதும் நடக்கிறதா? கூட்டம் குறைந்த நேரம் எது? புதியவர் பக்கத்திலேயே ஆள் நிற்பாரா? 2022 ஜூலையில் மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித்குமார் வந்தபோது திருச்சி ரைபிள் கிளப் வாசலில் ரசிகர்கள் திரண்டுவிட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் யார் உனக்குக் கற்றுத்தருவார்கள்?

போனதும் துப்பாக்கியைத் தொடாதே. கொஞ்ச நேரம் பின்னால் நின்று பார். 'ஸ்டாப்' என்றதும் எல்லாரும் உடனே நிறுத்துகிறார்களா? குழலுக்குள் பாதுகாப்புக் கயிறு செருகுகிறார்களா? குழல் எப்போதும் குறிப் பக்கமே இருக்கிறதா? இதெல்லாம் இல்லையென்றால், எத்தனை அமைதியான இடமானாலும் திரும்பி வந்துவிடு. ஈயக்குண்டு தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடாதே.

இன்னொன்று. பிற்பாடு சொந்தமாக ஏர் ரைபிள் வாங்கினாலும் அதை நம் ஏரிக்கரைக்குக் கொண்டுவராதே. பூநாரை இறங்கும் ஏரி இது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பறவைகளைக் காக்கிறது. அதோடு, நம் பெண்கள் தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவுகிற இடம். தண்ணீரில் பட்ட குண்டு எகிறி எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சுடுவதைக் கூடத்தோடு வைத்துக்கொள்.

முதல் நாள் எத்தனை புள்ளி என்று நான் கேட்கமாட்டேன். கண்ணை மூடாமல் சுட்டாயா என்றுதான் கேட்பேன்.

அன்புடன்,
மாமா