தென்காசிக்கு எந்த மூங்கில்?

மூங்கில் மரமல்ல, நெல்லும் கரும்பும் சேர்ந்த புல் குடும்பத்தில், பல பத்தாண்டுகள் நிலைத்து வாழும் காட்டுப்புல். தென்காசி வட்டாரத்தில் மூங்கில் நட விரும்புகிறவர் முன் நம் மலைநாட்டில் இயல்பாக வளரும் மூன்று வகைகள் உள்ளன: முள்மூங்கில், கல்மூங்கில், ஈத்தல். எது பருமன், எது அதிக விலைக்குப் போகும் என்று பார்த்துத்தான் பலரும் தேர்கிறார்கள். ஆனால் நிலத்தில் ஈரம் எவ்வளவு, நீர் தேங்குமா வடியுமா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய் வழியே வரும் சாரல் ஜூன் முதல் குற்றாலத்தை நனைக்கிறது. கிழக்கே சுரண்டை, ஆலங்குளம் பக்கம் போகப்போக அது மெலிந்து, வடகிழக்குப் பருவமழையை நம்பும் நிலமாகிவிடுகிறது. மாவட்டம் முழுதுக்கும் ஒரே மூங்கில் என்பது இதனால்தான் பொருந்தாது.

அடையாளம் காண்பது எளிது. அடிக்கணுக்களில் வளைந்த முட்களோடு, உள்ளே குழலாக, மிக உயரமாக வளர்வது முள்மூங்கில்; ஆற்றோர ஈரமண் அதற்கு உகந்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளே ஏறக்குறைய கெட்டியாக, முள்ளின்றி, அதைவிட மெலிந்து நிற்பது கல்மூங்கில். வறண்ட சரிவிலும் கல்லாங்குத்திலும் பிழைக்கும், நீர் தேங்கினால் நலியும். நீண்ட கணுவிடையும் மெல்லிய சுவரும் உடைய நாணல் போன்றது ஈத்தல். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி ஈரக்காடுகளுக்கு உரியது, கூடை முடைய உகந்தது.

கல்மூங்கில் மெலிந்தது, வருமானம் தராது என்பார்கள். ஆனால் முள்மூங்கிலின் பருமன் ஈரத்தால் வருவது. ஈரமில்லாத செம்மண்ணில் அதை நட்டால் பருமன் குறையும், முள் மட்டும் குறையாது, வெட்டுக்கூலியும் ஏறும். கெட்டிக் கழியோ ஏணிக்கும் தடிக்கும் உழவுக்கருவிப் பிடிக்கும் உதவும். கோடையில் இலையுதிர்த்து நிற்பது பட்டுப்போனதன் அறிகுறியல்ல, வறட்சியைத் தாங்கும் வழி. பூத்தால் மூங்கில் மடியும் என்ற அச்சம் நியாயமானது. ஒரே விதைத்தொகுதியில் வந்தவை பெரும்பாலும் ஒன்றாகவே பூக்கும். வெவ்வேறு இடத்து நாற்றுகளைக் கலந்து நட்டால் அந்த இழப்பு ஒரே ஆண்டில் வந்து சேராது. வேர் பரவி அயல்வயலைப் பிடிக்கும் என்பதும் மிகை. கல்மூங்கிலும் முள்மூங்கிலும் தூராகக் குவிந்து வளர்பவை. நிழல் விழாதபடி வரப்பிலிருந்து தள்ளி நட்டால் போதும்.

ஆகவே கிழக்கே வடிகால் உள்ள செம்மண்ணில் கல்மூங்கிலையும், சிற்றாற்றுப் படுகையை ஒட்டிய சொந்த நிலத்தில் முள்மூங்கிலையும் நடுங்கள். சங்கரன்கோவில் கரிசலில் நீர் தேங்குமிடத்தைத் தவிருங்கள். ஈத்தலைக் காட்டிலேயே விட்டுவிடுங்கள். நாற்றை நாற்றங்காலில் வாங்குங்கள்; மலையில் தோண்டி எடுக்காதீர்கள்.