மூயெட் முடிவை எப்படிப் படிப்பது?

மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வான மூயெட்டின் முடிவு வந்ததும், நம்மில் பலர் பேண்டை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுகிறோம். நான்கு திறன்களின் புள்ளிகளையும் தனித்தனியே பார்ப்பது அவசியம்.

2020 வரை மொத்தப் புள்ளி 300. வாசிப்புக்கு 120, எழுத்துக்கு 90. கேட்டலுக்கும் பேச்சுக்கும் தலா 45. ஆகவே, "வாசிப்பைக் கவனித்தால் போதும்" என்று மூத்த மாணவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. 2021 முதல் நான்கு திறன்களுக்கும் தலா 90, மொத்தம் 360. பேச்சின் பங்கு 15 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாகிவிட்டது.

எடுத்துக்காட்டாக, ஒருவர் நான்கிலும் 56 புள்ளி பெறுகிறார். இன்னொருவர் கேட்டலில் 70, வாசிப்பில் 74, எழுத்தில் 50, பேச்சில் 30 பெறுகிறார். இருவருக்கும் மொத்தம் 224. இருவருக்கும் பேண்ட் 4.0. பேண்ட் 4.5 தொடங்குவது 258இல். முதலாமவர் நான்கு திறன்களையும் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். இரண்டாமவருக்குத் தேவையான 34 புள்ளியைப் பேச்சிலேயே தேடலாம்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசியப் பள்ளிக்குச் சென்ற நம்மில் பலர் ஆங்கிலத்தைப் படித்தோம், எழுதினோம். வகுப்புக்கு வெளியே பேசியது குறைவு. எனவே, நம் சங்க அறையில் வாரம் ஒரு மணி நேரம் ஆங்கிலம் பேசிப் பழகுவோம். தமிழ் அதனால் குறைந்துவிடாது. நம் தயக்கம்தான் குறையும்.